மச்சாளின் ஜலகண்டம்

என் மச்சாளை, அதாவது என் கணவரின் அக்காவை, நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்துபோய் வேறு வேலை பார்க்கலாம்.

நாங்கள் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், கடலை நோக்கிச் சரிகிற ஓர் ஒழுங்கையில். மச்சாள் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. இரண்டு வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. என் குசினிக்குக் கீழே அவருடைய குசினி, என் படுக்கையறைக்குக் கீழே அவருடைய படுக்கையறை. அவர் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். நான் கதிரையை இழுத்தால் அவரிடமிருந்து தொலைபேசி வரும். அவருடைய கணவர் காலமான பிறகு, தம்பி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவர்தான் எங்களை இந்தக் கட்டடத்துக்கு இழுத்துவந்தார். தம்பி வந்தார். தம்பியின் பெண்சாதியும் கூடவே வந்துவிட்டதுதான் அவருக்கு ஒரே குறை.

அவருக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை பெரியவளானபோது வீட்டில் தண்ணீர் வார்த்தார்கள். எங்கள் ஆட்களிடம் அந்தச் சடங்கில் தாய்மாமன் தேங்காய் உடைப்பார், மாமி முதல் குடம் தண்ணீர் வார்ப்பாள். நான்தான் மாமி. பட்டுச்சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து, குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மச்சாள் வந்தார். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல அந்தக் குடத்தை மெதுவாக வாங்கி, மூன்று பிள்ளைகள் பெற்ற ஒரு தூரத்து உறவுக்காரியிடம் கொடுத்தார்.

"நீர் போய்ச் சாப்பாட்டுப் பக்கத்தை ஒருக்காப் பாரும்," என்றார்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதுதான் காரணம். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் விளங்கிவிட்டது. நான் போய்ச் சாப்பாட்டுப் பக்கம் நின்றேன். சாம்பாருக்கு உப்புக் காணாது என்று யாரோ சொன்னார்கள். உப்புப் போட்டேன். தேங்காய் உடைத்துவிட்டு வந்த என் கணவர், "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு எப்போதும் எல்லாம் கடைசியில்தான் தெரியவரும்.

சில வருஷம் கழித்து நான் கடல்மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். தங்கமீன் விட்டு வைக்கிற கண்ணாடிப் பெட்டி அல்ல. உப்புத் தண்ணீர், கடற்பாறை, பாறையில் ஒட்டி வாழும் உயிர்கள் எல்லாம் சேர்ந்த தொட்டி. கூடத்தில் வைத்தேன். பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சாள் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"பிள்ளை இல்லாத வீட்டில மீன் வளக்கிறது நல்லதுதான். பொழுது போகும்."

அந்த வசனத்தை நான் மறக்கவில்லை. ஒரு நாள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மனதில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவள். ஆகவே அந்தத் தொட்டி எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. தண்ணீரின் உப்பு, காரம், சுண்ணாம்பு எல்லாவற்றையும் அளந்து, கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் கடலை உயிரோடு வைத்திருப்பது எனக்கு ஒரு சவால். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு சோடிக் கோமாளி மீன்கள் இருந்தன. அவை குடியிருக்க ஒரு கடல் சாமந்தி. பூப்போல விரிந்து கிடக்கும், ஆனால் பூ அல்ல, இரைதின்னும் பிராணி. எல்லாவற்றுக்கும் மேலே என் இறால்கள். சிவப்பு முதுகில் வெள்ளைக்கோடு போட்ட துப்புரவு இறால்கள். மீன்களின் உடம்பில் இருக்கிற அழுக்கையும் ஒட்டுண்ணியையும் பொறுக்கித் தின்பதுதான் அவற்றின் தொழில். நான் கையைத் தண்ணீருக்குள் விட்டால் பாறையிலிருந்து இறங்கி வந்து என் விரலில் ஏறும். நகக்கண்ணை ஒவ்வொன்றாகக் கிண்டும். கூசும். சிரிப்பு வரும். வருஷக்கணக்காகச் சோக்குத்தூள் ஏறிய நகங்கள். எத்தனை தேய்த்தும் போகாத வெள்ளையை அவை எடுத்துவிடும்போல எனக்கு ஒரு நினைப்பு.

மச்சாளின் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் களவாக மேலே வந்து தன் கையையும் விடுவாள். "மாமி, கூசுது, கூசுது," என்று கத்துவாள், ஆனால் கையை எடுக்கமாட்டாள். பிறகு அவளுக்கு டியூசன், அதன்பிறகு வேலை என்று வருவது குறைந்துபோனது. தாய் குறைத்துவிட்டார் என்பதுதான் சரி.

ஓய்வு பெற்றபோது தொட்டியை ஒழுங்காகத் திருத்தி எடுக்க முடிவு செய்தேன். அதுவரை அடியில் மணல் இல்லை, வெறும் கண்ணாடி. சுத்தம் செய்வது சுலபம் என்று அப்படியே விட்டிருந்தேன். பழைய குழல்விளக்குகளோ கடற்காற்றில் துருவேறி, ஒன்று எரிந்தால் ஒன்று எரியாது. வெளிச்சம் போதாமல் கடல் சாமந்தி இடம் மாறி மாறி அலைந்தது. அதற்குக் கால் உண்டு. பிடிக்காத இடத்தில் அது நில்லாது. நல்ல மணற்படுக்கை போட்டால் மண்ணுக்குள் வாழும் சிறு உயிர்கள் பெருகி, கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும். புதிய விளக்குப் போட்டால் சாமந்தி ஓரிடத்தில் காலூன்றும். இதுதான் என் கணக்கு.

"ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அங்க கிடக்கிற மணலை விட்டுட்டு, மணலையும் கடையில வாங்கப்போறீரோ?" என்றார் என் கணவர். ரயில் பாதையும் கால்வாயும் கழித்து விடுகிற அத்தனை சாமானும் அந்த மணலில் இருக்கிறது என்று சொல்லி, அவரைக் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் ஏற்றினேன். அங்கே எனக்குப் பழக்கமான மீன்கடை ஒன்று உண்டு. பவளம் பொடியாகிய வெள்ளை மணல், மூட்டை மூட்டையாக வாங்கினோம். வெள்ளையும் நீலமும் கலந்து, காலையில் மெல்ல விடிந்து மாலையில் மெல்ல மங்குகிற எல்.ஈ.டி. விளக்கும் வாங்கினோம். இரண்டு சிங்கள இளைஞர்கள் மூட்டைகளைத் தோளில் சுமந்து படியேறினார்கள். "ஹெமின், மல்லி, ஹெமின்," மெதுவாக, தம்பி, மெதுவாக என்று சிங்களத்தில் சொல்லி நான் பின்னாலே பதறிக்கொண்டு போனேன்.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது.

"என்ன, மேல வீடு கட்டுறீரோ?" என்றார் மச்சாள்.

"தொட்டிக்கு மணல், மச்சாள்."

"இவ்வளவுமோ? ஏற்கெனவே எவ்வளவு தண்ணி நிக்குது அங்க?"

நான் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், லீற்றரைக் கிலோவாக்கிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மச்சாள் சாதகம் பார்ப்பித்திருந்தார். அவருக்கு ஜலகண்டம் இருப்பதாக, அதாவது தண்ணீரால் உயிருக்கு ஆபத்து வரும் காலம் நடப்பதாகச் சாத்திரியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கடற்கரைக்குப் போவதில்லை. கோயில் கேணியில் கால் நனைப்பதில்லை. மழை வந்தால் ஓட்டோவில்கூட ஏறமாட்டார். இத்தனை காவலுக்கும் நடுவே, தன் தலைக்கு மேலே ஒரு துண்டுக் கடல் நிற்பதை மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. மணல் மூட்டை படியேறியபோதுதான் யோசித்தார்.

நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளியலறையில் குந்தியிருந்து வாளி வாளியாக மணல் கழுவினேன். பால்போல வந்த தண்ணீர் தெளியும்வரை கழுவி, தொட்டியில் பரப்பி, விளக்கைத் தொங்கவிட்டேன். முதல் நாள் விளக்கு எரிந்தபோது வெள்ளை மணலில் வெளிச்சம் நெளிந்து ஓடியது. கலங்கல் அடங்கியதும் சாமந்தி ஒரு பாறையின் இடுக்கில் காலை வைத்து, தட்டளவு விரிந்தது. கோமாளிகள் இரண்டும் அதற்குள் புகுந்து புரண்டன. என் கணவர்கூடப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். மணலைக் கிளறிவிட ஒரு மீனும் வாங்கிவிட்டேன். அது மணலை வாயால் அள்ளிச் செவுளால் வடித்துத் துப்பும். நாள் முழுக்க அதே வேலை.

சில வாரங்களில் சாவு தொடங்கியது.

முதலில் நத்தைகள் கண்ணாடியில் ஏறாமல் விழுந்து கிடந்தன. பிறகு ஓர் இறால். அடுத்தது அடுத்தது என்று ஒவ்வொன்றாகப் போயின. கடைசி இறால் என் கையில் ஏறியிருந்தபோதே கால்கள் விறைத்து, பக்கவாட்டில் சரிந்து மணலில் விழுந்தது. சாமந்தி சுருங்கி ஒரு புளிப்பழம்போல ஆனது. ஆனால் மீன்கள் நீந்தின, தின்றன, ஒன்றும் நடக்காததுபோல இருந்தன.

நான் அழுதேன். ஒரு இறாலுக்காக அழுகிற கிழவி என்று யாரும் நினைத்துவிட்டுப் போகட்டும். அது என் கையை நம்பி ஏறியது.

மணலில்தான் பிழை என்று நினைத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கடைக்காரரோடு பெரிய சண்டை பிடித்தேன். அதே மணலில் அவருடைய தொட்டி இறால்கள் நடனமாடிக்கொண்டிருந்தன. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மூளை வேலை செய்தது. மீன் பிழைக்கிறது, முதுகெலும்பில்லாதவை மட்டும் சாகின்றன என்றால் நான் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்றைத்தான்: செப்பு. இறாலின் இரத்தத்திலேயே செப்பு இருக்கிறது. ஆனால் தண்ணீரில் அது ஒரு துளி கரைந்தாலும் இறாலுக்கு நஞ்சு. பரிசோதனைத் துளிகளை வாங்கிவந்து கண்ணாடிக் குழாயில் விட்டேன். நிறம் மாறியது. மாறிக்கொண்டே கடுமையானது.

சாமந்தியை மூடி போட்ட வாளியில் வைத்து, மின்கலக் காற்றுப்பம்பு ஒன்றையும் சேர்த்து, ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். சண்டை பிடித்த அதே கடைக்காரரிடம் போய், தயவாக வைத்திருக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்ப்பதுபோல வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகத் தேடினேன். விளக்கின் ஆணிகள், பம்பின் வயர், குழாய்ப் பூட்டு. ஒன்றிலிருந்தும் செப்பு கசியவில்லை.

கண்டுபிடித்தது அந்த மணல் கிளறும் மீன். ஒரு காலை, விளக்கு முழு வெளிச்சத்துக்கு வந்த நேரம், பின்மூலையில் அது தோண்டிய குழிக்குள் பச்சை ஓரத்தோடு ஏதோ மினுங்கியது. கையை விட்டு இழுத்தேன். உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு. கட்டம் கீறி, கட்டத்துக்குள் எழுத்துகள் பொறித்து, மஞ்சள் நூல் சுற்றிய இயந்திரத் தகடு. வாசற்படிக்குக் கீழே, அத்திவாரத்துக்குள் எல்லாம் காவலுக்குப் புதைப்பார்களே, அது. என் இறால்களின் மணலுக்குள் யாரோ காவல் புதைத்திருக்கிறார்கள்.

தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் கணவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் உண்மை வரப்போகிறது என்று அர்த்தம்.

"அக்கா வந்து அழுதவ," என்றார். "நீர் அண்டைக்கு பாங்குக்குப் போனநீர். ஐயரிட்டச் செய்விச்ச தகடு, தண்ணிக்குள்ள தாட்டால் ஜலகண்டம் கழிஞ்சிடுமாம். சின்னத் தகடுதானே எண்டு..."

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"செப்பு நல்லதெண்டுதானே எல்லாரும் சொல்லீனம். செப்புப் பாத்திரத்தில தண்ணி குடிச்சா உடம்புக்கு நல்லதெண்டு நீர்தான் ஒருக்காச் சொன்னநீர்."

"நான் இறாலுக்குச் சொன்னனானோ?"

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். இறால் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்த மனிதர் மூடிய வாயோடு தேத்தண்ணீர் குடித்தார். இரண்டையும் அவர் சேர்த்து யோசிக்கவேயில்லை. வீட்டில் ஒரு இரசாயன ஆசிரியை. அதே வீட்டில் செப்பு புனிதம் என்று நம்புகிற கணவர். மச்சாளுக்கு வேறு என்ன வேண்டும்!

உடனே கீழே ஓடிப்போய்க் கத்தலாம் என்று தோன்றியது. படிவரை போனேன். பிறகு நின்றேன். கத்தினால் அவர் அழுவார். அழுதால் அவருடைய தம்பி உருகுவார். கடைசியில் மீனுக்காக மூத்தவரை ஏசிய பிள்ளையில்லாதவள் என்று நான்தான் பெயரெடுப்பேன். அந்தத் தரத்துக்கு இறங்க எனக்கு விருப்பமில்லை. திரும்பிவந்து, தகட்டைப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். பச்சை போய்ப் பொன்போல வந்தது.

செப்பு ஏறிய மணலும் பாறையும் இனி உதவாது. எல்லாவற்றையும் அள்ளிக் கீழே இறக்கவேண்டும். அதை என் கணவர் செய்தார். மல்லிமாரைக் கூப்பிட நான் விடவில்லை. புதிய மணலையும் அவர்தான் கழுவினார். இடுப்பு நோகுது என்றார். நோகட்டும் என்றேன். தொட்டியையும் புதிதாக வாங்கினேன், பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. மணற்படுக்கை இன்னும் ஆழம். விளக்கு இரண்டு.

எங்கே வைப்பது என்பதுதான் இனிக் கேள்வி. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது இஞ்சினியர். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டீச்சர், கூடத்தில வச்சது சரியில்லை. உங்கட படுக்கையறைச் சுவரோடதான் தூணும் பீமும் போகுது. எவ்வளவு பாரமெண்டாலும் அங்க வையுங்கோ," என்றாள். கட்டடத்தைப் பொறுத்தவரை சரியான ஆலோசனை. அந்தச் சுவருக்கு நேர்கீழே மச்சாளின் கட்டில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தொட்டியின் இரும்புத் தாங்கியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி வந்தது.

"இஞ்ச பாரும், மேல என்னத்தை இழுக்கிறீர்?"

"தொட்டி மாத்துறம், மச்சாள். இனிப் படுக்கையறையில."

"என்ர கட்டிலுக்கு மேலயோ?"

"ஓம் மச்சாள், சரியா மேலதான் எண்டு நினைக்கிறன். தூண் அதாலதான் போகுதாம். இஞ்சினியர் வந்து பாத்துச் சொன்னது. உங்களுக்குத்தான் பாதுகாப்பு."

அவர் தொலைபேசியைப் பட்டென்று வைத்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, ஐஸ்கிரீம்போல இருந்தது எனக்கு.

அன்று பின்னேரமே கீழே கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது. எதிர்ச்சுவருக்குப் போகிறார். எனக்கு உப்புத் தண்ணீர் கலந்து வைக்க ஒரு பெரிய பீப்பாய் தேவைப்பட்டது. அதை என் எதிர்ச்சுவரோடு வைத்தேன். நிரப்பும்போது குழாய்ச் சத்தம் கீழே கேட்டிருக்கும். சில நாளில் கட்டில் கூடத்துக்குப் போனது. புதிதாக வாங்கும் மீன்களைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நோய் இருந்தால் தெரிந்துவிடும். அதற்கென்று ஒரு தொட்டி வாங்கி, அதைக் கூடத்தில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. எந்த நீதிமன்றத்திலும் நான் வெல்வேன்.

மச்சாளின் மகளுடைய அறைக்கு மேலே மட்டும் நான் ஒரு குவளைத் தண்ணீரும் வைக்கவில்லை. அங்கே என் புத்தக அலுமாரிகள்தான். மகளோ தாயை அந்த அறையில் படுக்க விடவில்லை. மச்சாளின் குறட்டை ரயிலோடு போட்டிபோடும்.

"அக்கா நித்திரையில்லாமல் மெலிஞ்சு போனா," என்றார் என் கணவர்.

"என்ர இறாலும் மெலிஞ்சுதான் செத்தது," என்றேன்.

இதற்கிடையில் கொட்டாஞ்சேனையிலிருந்து சாமந்தி திரும்பி வந்தது. பாதியாய்ப் போயிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. புதிய தொட்டியில் விட்டதும் சில நாள் அலைந்து, விளக்குக்கு நேர்கீழே ஒரு பாறையில் காலூன்றி, மெல்ல விரியத் தொடங்கியது. புது இறால்கள் வாங்கிவிட்டேன். அவை என் கையைக் கண்டால் பாறைக்குள் ஒளிந்தன. எத்தனை நேரம் கையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தாலும் ஏறவில்லை.

பிறகு கலியாணம் வந்தது. மச்சாளின் மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை. நாள் வைத்தபின் ஒரு காலை மச்சாள் படியேறி மேலே வந்தார். தொட்டி வந்தபின் அவர் என் படுக்கையறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தொட்டிக்கு மேலே, இரண்டு விளக்குகளின் வெளிச்சமும் விழுகிற இடத்தில், புளி போட்டுத் துலக்கிய அவருடைய தகட்டைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். நான் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்குப் பாலறுகு வைக்கிறது," என்று தொடங்கினார். கலியாணத்துக்கு முன், பாலில் தோய்த்த அறுகம்புல்லை உறவுக்காரர் ஒவ்வொருவராகப் பெண்ணின் தலையில் வைத்து, அதன்பிறகு அவளை முழுகவைப்பது எங்கள் வழக்கம். "நீர்தான் முதல்ல வைக்கவேணும். நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். பழசையெல்லாம் விடும். அதுக்குப் பிறகு இந்தத் தொட்டியைத் திரும்பக் கூடத்துக்கு எடும். நான் எங்க படுக்கிறது?"

மடித்த விரிப்பைக் கட்டிலில் வைத்தேன். இத்தனை வருஷம் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அதை அவர் கட்டில் வைக்கிற இடத்துக்காக விற்கிறார்.

"பாப்பம், மச்சாள்," என்றேன்.

கலியாணக் காலை. இரண்டாம் மாடியில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றில் பெண் இருந்தாள். மஞ்சள் பூசிய முகம், பழைய சேலை. அதே உறவுக்காரியும் வந்திருந்தாள், மூன்று பிள்ளைக்காரி. இந்த முறை அவள் ஓரமாக நின்றாள். வெள்ளிக் கிண்ணத்தில் பால், அறுகு. நான் முதலில் போனேன். அறுகைத் தோய்த்து அவள் தலையில் வைத்தேன். பால் அவள் நெற்றியில் வழிந்தது. துடைக்கக் குனிந்தேன்.

அவள் என் காதோடு சொன்னாள்: "மாமி, நான்தான் சொன்னனான். நீங்கள் முதல்ல வைக்காட்டில் முக்காலியில இருக்கமாட்டன் எண்டு. அம்மா ஒரு கிழமையாச் சண்டை."

நான் நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தேன். அவர் பூத்தட்டை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டார். எனக்கு ஏற்கெனவே சொந்தமாகிவிட்ட ஒன்றை என் படுக்கையறைக்கு வந்து எனக்கே விலைபேசியிருக்கிறார். பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அது சந்தோஷம், அதில் எந்தக் கோபமும் இல்லை. கோபத்தை நான் வேறாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. விசா சரிவந்ததும் பிள்ளை மாப்பிள்ளையோடு போய்விட்டாள். விமான நிலையத்திலிருந்து வந்த அன்று பின்னேரம் மச்சாள் நேரே மேலே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"தொட்டியை எப்ப எடுக்கப்போறீர்?"

"எடுக்க ஏலாது, மச்சாள். சாமந்தி காலூண்டிட்டுது. இனி இழுத்தால் கால் கிழிஞ்சு செத்துப்போம். தனக்குப் பிடிக்காட்டில் அதாத்தான் இடம் மாறும்."

"அப்ப பாலறுகு...?"

"அது பிள்ளை எனக்குத் தந்தது."

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கீழே போகத் திரும்பினார். கதவடியில் நின்று, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "வீடு வெறிச்செண்டு கிடக்கு."

எத்தனையோ வருஷமாக எடுத்து வைத்திருந்த வசனம் தானாகவே வந்தது. நான் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு சின்ன மீன்தொட்டி வையுங்கோ, மச்சாள். பிள்ளை இல்லாத வீட்டில நல்லது. பொழுது போகும்."

அவர் என்னைப் பார்த்தார். தான் சொன்ன சொல் என்று அவருக்கு நினைவிருந்தது. முகத்தில் தெரிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். இனித்ததா என்று கேட்டால், இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

தொட்டிக்கு முன்னால் வந்து கையைத் தண்ணீருக்குள் விட்டேன். கீழே கட்டில் இழுபடத் தொடங்கியது. படுக்கையறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மகளுடைய அறைக்குள் போய் நின்றது. அதற்கு மேலே என் புத்தக அறை. இன்னும் ஒரு தொட்டிக்கு அங்கே தாராளமாக இடமிருக்கிறது. எந்தச் சுவரோடு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாறையிலிருந்து ஒரு இறால் இறங்கி வந்து, முதல் தடவையாக, என் சுண்டுவிரலில் ஏறியது.